ஆட்டுப் பரணுக்கு ஏற்ற மரத்தின் அளவு

வெள்ளாடு வளர்ப்பவர்களில் அநேகர், தரையில் பட்டி அடைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, பரண் அமைத்து அதன்மேல் ஆடுகளை வளர்க்கும் முறையைக் கைக்கொண்டு வருகின்றனர். புழுக்கையும் மூத்திரமும் வரிச்சுகளின் சந்து வழியே கீழே விழுந்துவிடுவதால் ஆடு படுக்கும் இடம் உலர்ந்திருக்கும். குளம்பு அழுகலும் குடற்புழுவும் குறையும். எருவும் சிதறாமல் ஒரே இடத்தில் சேரும். இந்த நன்மைகளைக் குறித்து அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் பரணுக்கு மரம் வாங்கும் விஷயத்தில் நம் கிராமங்களில் நிலவும் வழக்கம் சரியானதன்று என்பதும், அதனால் பணமும் சில சமயங்களில் ஆடுகளும் வீணாகின்றன என்பதும் என் அபிப்பிராயம். அதனை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

என் சரகத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், 3 ஆண்டுகளுக்கு முன், ஒரு விவசாயி 24 ஆடுகளுக்காக 20 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள ஒரு பரண் கட்டினார். அவர் செலவுக்கு அஞ்சினவர் அல்லர். மரவாடியில் 4 அங்குலச் சதுரக் கட்டைகளாகவே பொறுக்கி எடுத்து, அவற்றை 12 அடி அகலத்துக்கு, நடுவே தாங்கல் ஒன்றும் இல்லாமல், 3 அடிக்கு ஒன்று வீதம் குறுக்கே போட்டார். என்னை அழைத்துக் காட்டியபோது, கட்டைகளைக் கையால் தட்டிப் பார்த்து, ‘நல்ல கனம், போதும்’ என்று சொல்லிவிட்டு வந்தவன் நானே. அடுத்த ஐப்பசி அடைமழையில் ஓரிரவு, சாரல் படாத மேற்குக் கோடியில் ஆடுகள் அத்தனையும் ஒண்டி நின்றன. அவ்விடத்துக் கட்டை ஒன்றில் நடுப்பாகத்துக்கு நேரே அடிப்புறத்தில் கணு இருந்தது. கட்டை அங்கே முறிந்தது. சினையாடு ஒன்றும் குட்டிகள் இரண்டும் மாண்டன. மறுநாள் காலையில் நான் போனபோது அவர் என்னை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. ‘ஐயா, இதைவிடக் கனமான கட்டைக்கு நான் எங்கே போவேன்?’ என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. டிப்ளோமாப் படிப்பில் உழவுக் கருவிகளைப் பற்றிக் கற்ற அளவுக்குக் கட்டடங்களைப் பற்றி நாங்கள் கற்கவில்லை. பிறகு மர வேலைக் கணக்கு அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது யாதெனில், கேள்வியே தவறானது என்பதுதான். கேட்க வேண்டியது கட்டையின் கனத்தையன்று. ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரை எத்தனை அடி என்பதை முதலிலும், மரத்தை வைத்த நிலையில் அதன் உயரம் எத்தனை அங்குலம் என்பதை அடுத்தும் கேட்க வேண்டும். மரத்தின் அகலம் இவ்விரண்டுக்கும் பின்னரே வரும்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மர அடிக்கோல் ஒன்றை எடுத்து, இரண்டு செங்கற்களின்மேல் பாலம்போல் வைத்து, நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். படுக்கையாக வைத்தால் அது வில்போல் வளையும். அதையே விளிம்பில் நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் அசையாது. மரம் ஒன்றே, அதன் எடையும் விலையும் ஒன்றே. வைத்த விதம்தான் வேறு. கிராமக் கூட்டங்களில் இதை நான் செய்து காட்டுவதுண்டு. பெரியவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வீட்டுக்குப் போய்த் தங்கள் ஓட்டுவீட்டு விட்டத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பழைய ஆசாரிகள் விட்டத்தை ஒருபோதும் படுக்க வைத்ததில்லை. பரண் புதிய வேலையாகையால், கைக்கு வந்த கட்டையைக் கைக்கு வந்தபடி போடுவது வழக்கமாகிவிட்டது.

இதற்குக் கணக்கும் உண்டு. மரத்தின் அகலத்தை இரட்டித்தால் அதன் வலிமை இரு மடங்காகும். தொய்யாமல் நிற்கும் விறைப்பும் இரு மடங்காகும். ஆனால் உயரத்தை இரட்டித்தாலோ வலிமை 4 மடங்கும் விறைப்பு 8 மடங்கும் ஆகின்றன. ஆகையால் 4 அங்குலச் சதுரக் கட்டையையும், 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள சட்டத்தையும் ஒப்பிட்டால், பின்னதில் மரம் கால் பங்கு குறைவு. எனினும் வலிமை அரைக்கால் பங்கு அதிகம். விறைப்போ ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுத்தான் குறைவு. கன அடிக் கணக்கில் விலை கொடுப்பவருக்கு இது சிறு விஷயமன்று. சதுரக் கட்டைக்கு உரிய இடம் தூண். அதைக் குறுக்கே படுக்க வைத்துப் பாரம் ஏற்றுவது பணத்தை விரயம் செய்வதேயாகும்.

தாங்கல் தூரத்தின் விளைவு இதனினும் பெரிது. தளம் முழுவதும் சமமாகப் பாரம் பரவியிருக்கும்போது, அதே சட்டத்துக்குத் தாங்கல் தூரம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். 6 அடி தூரத்துக்குப் போட்ட சட்டம் கால் அங்குலம் தொய்ந்தால், 12 அடிக்குப் போட்ட அதே சட்டம் 4 அங்குலம் தொய்யும். அல்லது அதற்கு முன்பே முறியும். ‘இன்னும் கொஞ்சம் கனமாகப் போட்டால் நடுத்தூண் வேண்டியதில்லை’ என்று சொல்பவர்கள் இதனை அறியாதவர்கள். தூணால் கீழே எரு அள்ளுவதற்குச் சிறிது இடையூறு உண்டு என்பது மெய்தான். அவ்விடையூறு பொறுக்கத் தக்கது.

இனிப் பாரத்தைப் பார்ப்போம். பெரிய ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி இடம் விடுகிறோம். ஆடு 45 கிலோ என்று கொண்டால், சதுர அடிக்கு 4½ கிலோதான் ஆகிறது. இதை நம்பித்தான் பலர் மெலிந்த பரண் கட்டுகின்றனர். ஆனால் ஆடுகள் நாம் அளந்து கொடுத்த இடத்தில் தனித்தனியே நிற்பவையல்ல. மழைக்கும் நாய்க்கும் அஞ்சி ஒண்டும்போது ஓராடு 3 அல்லது 4 சதுர அடியில் அடங்கிவிடும். அப்பொழுது சதுர அடிக்கு 11 முதல் 15 கிலோ ஆகும். தீனி போட ஏறும் ஆட்களும், ஆடுகள் துள்ளும் அதிர்ச்சியும் இதனோடு சேரும். ஆகவே சதுர அடிக்கு 20 கிலோ பாரம் என்றும், தளத்தின் சொந்த எடை 3 கிலோ என்றும் கொண்டு கணக்கிடுவதே உசிதம்.

இவ்வாறு கணக்கிட்டால், 12 அடி அகலமுள்ள பரணுக்கு இரு ஓரங்களிலும் நடுவிலுமாக மூன்று உத்திரங்கள் வேண்டும். அவற்றின்மேல், 2 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள குறுக்குச் சட்டங்களை 2 அடிக்கு ஒன்று வீதம் நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்போது தாங்கல் தூரம் 6 அடி. தேக்கையொத்த உறுதியுள்ள மரமானால், முழுப் பாரத்திலும் தொய்வு கால் அங்குலத்துக்கு உட்பட்டே இருக்கும். அதே சட்டங்களைப் படுக்க வைத்தால் தொய்வு முக்கால் அங்குலத்துக்கு மேற்பட்டு, மரமும் தாங்கத்தக்க எல்லையைத் தாண்டிவிடும். உறுதி குறைந்த மரமாயின் உயரத்தை 5 அங்குலமாக்குக. அகலத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

நடு உத்திரம் இரு பக்கத்துப் பாரத்தையும் ஏற்கிறது; ஓர உத்திரங்கள் ஒரு பக்கத்தையே ஏற்கின்றன. இதை மறந்து, வெளியே கண்ணுக்குத் தெரியும் ஓரங்களுக்கு நல்ல மரத்தைப் போட்டு, மிஞ்சியதை நடுவில் நுழைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நடு உத்திரத்துக்கு 3 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் இருக்கட்டும். அதன் தூண்கள் 6 அடிக்கு மிகாத தூரத்தில் நிற்கட்டும்.

மேலே சொன்ன விவசாயியின் பரணை இம்முறையில் கட்டியிருந்தால் எவ்வளவு மரம் பிடித்திருக்கும் என்று பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தேன். ஓர உத்திரங்களை இரண்டிலும் பொதுவென்று விட்டுவிடுவோம். அவர் போட்ட 4 அங்குலச் சதுரக் கட்டைகள் 12 அடி நீளத்தில் 8. மொத்தம் 10⅔ கன அடி. நான் சொல்லும் முறையில், அதே நீளச் சட்டங்கள் 11-க்கு 7⅓ கன அடி. 20 அடி நடு உத்திரத்துக்கு 2½ கன அடி. ஆக 10 கன அடிக்கும் குறைவு. கூடுதலாக நடுவில் 5 தூண்கள் மட்டும் வேண்டும். சட்டம் ஏற்கும் அழுத்தமோ அவருடைய கட்டையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. தொய்வு பன்னிரண்டில் ஒரு பங்கு. குறைந்த மரத்தில் கட்டியிருக்கக் கூடிய உறுதியான பரணை, அதிக மரம் போட்டுப் பலவீனமாகக் கட்டியிருக்கிறோம். நான் ‘போதும்’ என்று சொன்னது இதைத்தான்.

மேற்றளத்து வரிச்சுகள் விஷயத்தில் வேறொரு பிழை நேர்கிறது. ரீப்பர் என்று மரவாடியில் வழங்கும் இவற்றைச் சந்தைக் கனத்தில் வாங்கிவிட்டு, அடியிலுள்ள சட்டங்களின் இடைவெளியைக் கவனியாமல் அடிக்கின்றனர். ஆட்டின் காலும் ஆளின் காலும் பாரத்தை ஓரிரண்டு வரிச்சுகளின்மேல்தான் வைக்கின்றன. 2 அங்குல அகலமுள்ள வரிச்சு ஓரங்குலக் கனமானால் சட்டங்கள் 1½ அடிக்கு ஒன்றாகவும், 1¼ அங்குலக் கனமானால் 2 அடிக்கு ஒன்றாகவும் இருக்க வேண்டும். சந்து பெரிய ஆடுகளுக்கு அரை அங்குலம். குட்டிகள் அடையும் அறையில் அதற்குச் சற்றுக் குறைவு. வரிச்சுகளை 3 அல்லது 4 அடிச் சட்டகங்களாகச் சேர்த்து, கழற்றி எடுக்கும்படி வைப்பது கழுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் சௌகரியம். ஆட்டு மூத்திரம் இரும்பை விரைவில் அரிக்குமாகையால் துத்தநாகம் பூசிய ஆணியோ திருகாணியோ தேவை.

மரவாடியில் சொல்லும் அளவும் கைக்கு வரும் அளவும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வாளின் வெட்டிலும் இழைப்புளியிலும் உலர்ச்சியிலும் சிறிது சிறிதாகப் போய், 4 அங்குலம் என்று விலை பேசிய சட்டம் 3½ அங்குலமாக வந்து சேர்வதுண்டு. அரை அங்குலந்தானே என்று இருந்துவிடக் கூடாது. விறைப்பு உயரத்தைப் பொறுத்து மும்மடியாக மாறுவதால், இந்த அரை அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு விறைப்புப் போய்விடுகிறது. அமெரிக்காவில் ‘இரண்டுக்கு நான்கு’ என்று பெயர் சொல்லி விற்கும் சட்டம் உண்மையில் 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலமே. ஆனால் அங்கே அது எல்லோரும் அறிந்த ஏற்பாடு, கட்டடக் கணக்குகளும் குறைந்த அளவை வைத்தே போடப்படுகின்றன. நமக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆகையால் அளவுகோலைக் கையில் கொண்டு போய், அறுத்து இழைத்த பின் உள்ள அளவுக்கே விலை பேசுவது நல்லது. பரணின் அடிச் சட்டங்களை இழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆட்டுக்கு வழவழப்பு வேண்டியது மேற்றளத்தில்தான்.

எந்த மரம் என்ற கேள்வி எப்பொழுதும் முதலில் கேட்கப்படுகிறது; நான் அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அளவும் தூரமும் சரியாயிருந்தால் பெரும்பாலான நாட்டு மரங்கள் இவ்வேலைக்குப் போதும் என்பதே. எதுவாயினும் வயிரம் பாய்ந்த பாகமாயிருக்க வேண்டும். வெளிறான பாகத்தைக் கறையானும் வண்டும் முதலில் தின்னும். வேம்பு சொந்த நிலத்திலேயே கிடைப்பது. பூச்சி எளிதில் அண்டாது. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் பனங்கைகள் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பனையின் உறுதி வெளிப்புறத்துக் கருவயிரத்தில்தான் உண்டு, நடுச்சோற்றில் இல்லை. புதிதாகப் பனையை வெட்ட நினைப்பவர்கள், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருப்பதை நினைவில் கொள்க.

சவுக்குக் கழியைப் பலர் பந்தற்காலுக்கு மட்டுமே உரியதென்று கேவலமாக எண்ணுகின்றனர். அது தவறு. உருண்டைக் கழியில் நார் அறுபடாமல் முழுமையாயிருக்கிறது. மரத்தின் உறுதி ஒன்றென்று கொண்டால், நுனியிலும் 4 அங்குல விட்டம் குறையாத கழி, 2-க்கு 4 அங்குலச் சட்டத்தைவிட வலிமையில் சற்று அதிகமே. மேற்புறத்தை வாய்ச்சியால் லேசாகச் செதுக்கிவிட்டால் வரிச்சு படியும். மண்ணில் மட்டும் அதை ஊன்றக் கூடாது, சீக்கிரம் உளுத்துவிடும். எந்த மரத்துக்கும் இது பொருந்துமாதலால், கல் கிடைக்கும் ஜில்லாக்களில் கல்தூணும், கிடைக்காத இடங்களில் சிமெண்டுத் தூணும் நாட்டி, அதன்மேல் உத்திரத்தை அமர்த்துவது சிலாக்கியம்.

கணு இல்லாத மரம் அரிது. சட்டத்தை வைக்கும்போது கணு மேற்புறம் வரும்படி திருப்பி வைத்தால் பாதகமில்லை. அடிப்புறத்தில், அதுவும் நடுப்பாகத்தில் வந்தால் அதுவே முறியும் இடமாகும். உயரம் மிக்க மெல்லிய சட்டங்கள் பக்கவாட்டில் சாயாமலிருக்க, உத்திரத்தின்மேல் இரண்டிரண்டு சட்டங்களுக்கு இடையே ஒரு துண்டுக் கட்டையை இறுக்கி அடிக்க வேண்டும். சட்டத்தின் உயரம் அகலத்தைப்போல் 3 மடங்குக்கு மேற்படாமலிருப்பதும் நல்லது.

இன்னொரு வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஆடு விற்றுப் பரண் காலியாயிருக்கும்போது நெல் மூட்டைகளை அதில் ஏற்றி அடுக்குகின்றனர். ஒரு கன அடி நெல் ஏறக்குறைய 16 கிலோ. மூன்றடி உயரம் அடுக்கினால் சதுர அடிக்கு 48 கிலோ. ஆட்டுக்கென்று நாம் கொண்ட பாரத்தில் இது இரு மடங்குக்கும் மேல். அதுவும் ஆடுபோல் வந்து போகும் பாரமன்று, மாதக்கணக்கில் நீங்காத பாரம். அப்படிப்பட்ட பாரத்தில் மரம் நாளுக்கு நாள் மேலும் தொய்ந்துகொண்டே போகும். தானியமும் வைக்கும் எண்ணமிருந்தால் முன்னமே திட்டமிட்டு, சட்டங்களை ஓரடிக்கு ஒன்றாகவும், உத்திரங்களையும் தூண்களையும் 5 அடி தூரத்திலும் அமைக்க வேண்டும். இல்லையேல் மூட்டை தரையிலேயே, கட்டைப் படுக்கையின்மேல் இருக்கட்டும்.

கிராம அதிகாரிகளுக்கும், கடனுக்கும் மானியத்துக்கும் மதிப்பீடு எழுதுபவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நான் பார்த்த மதிப்பீட்டுத் தாள்கள் பலவற்றில் ‘நல்ல நாட்டு மரம், இத்தனை கன அடி’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. கன அடி விலைக்கு உதவுமே தவிர, பரண் நிற்குமா விழுமா என்பதைச் சொல்லாது. 10 கன அடி மரத்தில் ஐம்பது வகையாகக் கட்டலாம். அவற்றில் பாதி தொய்யும். மதிப்பீட்டில் உத்திரம், சட்டம், வரிச்சு என்று மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அகலம், வைத்த நிலையில் உயரம், தாங்கல் தூரம், எத்தனை அடிக்கு ஒன்று என்ற நான்கு விவரங்களையும் எழுதும்படி செய்தால் போதும். வேலை முடிந்ததென்று கையொப்பமிடும்போது அதிகாரி பரணின் அடியில் குனிந்து சென்று அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பரணும் அழகாகத்தான் தெரியும். இதனால் அலுவல் பெருகுமென்று சிலர் சொல்லக்கூடும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகாது என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன்.

முன் சொன்ன விவசாயி பரணைப் பிரிக்கவில்லை. முறிந்த ஒரு கட்டையை மட்டும் மாற்றிவிட்டு, நடுவே 5 கல்தூண் நாட்டி, அவற்றின்மேல் 3-க்கு 6 அங்குல வேப்ப உத்திரம் ஒன்றைச் செலுத்தி, பழைய கட்டைகளை அதன்மேல் அமரச் செய்தோம். மூன்றடி இடைவெளிகளில் ஒவ்வொரு சவுக்குக் கழியையும் புகுத்தினோம். அதன்பின் இரண்டு ஐப்பசிகள் கழிந்துவிட்டன. சென்ற மாதம் நூல் பிடித்துப் பார்த்தபோது, நடுப்பாகத்தில் தொய்வு கால் அங்குலத்துக்கும் குறைவாகவே இருந்தது.